மிக்ஸி பிளக்கில் ஓடும் கணினி

ஜூன் 3, செவ்வாய்

தட்டிப் பார்க்கிறேன். கீபோர்டு வேலை செய்கிறது. 'ழ' மட்டும் அழுத்தி அடித்தால்தான் விழுகிறது. குழம்பு. மழை. வாழை. மகிழ். சரி.

இது என் பழைய லேப்டாப். கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் வேலை பார்த்தபோது வாங்கியது. பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய போர்வைக்குள் கிடந்தது. பேட்டரி செத்துவிட்டது. சமையல் மேடையில் மிக்ஸி பிளக்கில் சொருகினால் ஓடுகிறது. விண்டோஸ் முழுதாகத் திறப்பதற்குள் பருப்பு வெந்துவிட்டது.

மாலையில் திருமாறனிடம் சொன்னேன். அவர் என் கணவர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறார்.

"அது இன்னும் இருக்கா? ஓடுதா?"

"பேட்டரி செத்துப் போச்சுங்க."

"அப்ப சனிக்கிழமை இரும்புக்காரன் வந்தா போட்டுடு."

பேட்டரி செத்தது உண்மைதான். பொய் இல்லை.

எனக்கு அவர் போன பிறந்தநாளுக்குப் புது லேப்டாப் வாங்கித் தந்தார். உள்ளே எல்லாம் அவரே போட்டு, பாஸ்வேர்டையும் அவரே வைத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். இதை எழுதி வைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

சாப்பிடும்போது சொன்னார்: "பல்லு வலின்னா என்கிட்ட சொல்ல மாட்டியா? நீ பாத்த அந்த டாக்டர் வேணாம். ஆம்பளை."

பல் வலி என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் புது லேப்டாப்பில் பல் டாக்டர் யார் யார் என்று தேடினேன், அவ்வளவுதான்.

வீட்டு இணையத்தில் யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அவருக்குத் தெரியும். குழந்தை இருக்கிற வீட்டில் அது நல்லதுதான். ஹாலில் கேமரா வைத்திருப்பதும் மகள் மகிழுக்காகத்தான். அவளுக்கு ஐந்து வயது. ஓடிக்கொண்டே இருப்பாள்.

பல் வலி நின்றுவிட்டது.

ஜூன் 7, சனி

இரும்புக்காரர் வந்தார். உடைந்த வாளி, பழைய பேப்பர், ஓட்டை விழுந்த தவலை போட்டேன்.

"எல்லாம் போட்டாச்சா?" என்று திருமாறன் உள்ளேயிருந்து கேட்டார்.

"போட்டாச்சுங்க."

லேப்டாப் இட்லிக் குண்டானுக்குப் பின்னால் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

விண்டோஸ் மிகவும் பழசு. எதையும் திறக்க மறுக்கிறது. பழைய கம்ப்யூட்டர்களுக்கென்றே லினக்ஸில் இலேசான புதுப் பதிப்பு ஒன்று வந்திருப்பதாக எப்போதோ படித்திருந்தேன். பொழுதுபோக்காகப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. பொழுதுபோக்குதான்.

வீட்டு இணையத்தில் இறக்க முடியாது. மெதுவாக இருக்கிறது.

மாடியில் ஜெசிந்தா அக்கா வீட்டிலேயே பியூட்டி பார்லர் நடத்துகிறார். புருவம் திருத்தப் போனேன். பில் போட அங்கே ஒரு கம்ப்யூட்டர் உண்டு.

"அக்கா, ஒண்ணு இறக்கித் தரீங்களா? லினக்ஸ்னு ஒரு சிஸ்டம்."

அவர் பல்லில் நூலைக் கடித்திருந்தார். முடித்துவிட்டுக் கேட்டார். "அது என்ன, சினிமாவா?"

"விண்டோஸ் மாதிரிதான்க்கா. ஆனா இலவசம். உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணாலும் திறந்து பாக்கலாம். தெரியாம எதையும் உள்ள வெச்சுட முடியாது."

"உன் வீட்லதான் நல்ல நெட் இருக்கே. உங்க வீட்டுக்காரரே அந்த வேலைதானே?"

நான் நெற்றியில் ஒட்டியிருந்த முடியைத் துடைத்தேன். கண்ணாடியில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பவுடர் தட்டிவிட்டு, "எழுதிக் குடு. நான் கேக்கல," என்றார்.

பள்ளி விட்டதும் மறுபடி, குழந்தைக்கு முடி வெட்டப் போனபோது பென் டிரைவ் கைக்கு வந்தது. கேழ்வரகு மாவு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. குக்கர் தூக்கும்போது பிசகிவிட்டது. இடது கையால் தட்டுகிறேன். போதும்.

ஜூன் 16, திங்கள்

இன்று முயன்றேன்.

மகிழைப் பள்ளியில் விட்டு வந்து, ஹாலில் கொஞ்ச நேரம் துணி மடித்தேன். பிறகு சமையலறைக்குள் வந்தேன். இங்கே கேமரா இல்லை.

முதல் முறை எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் விண்டோஸே வந்தது. மறுபடி அணைத்து, மேல்வரிசைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் கீழிருந்து மேலாக ஓடத் தொடங்கின. நிற்கவே இல்லை. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். இதைப் போய் யாரிடம் சரிசெய்யக் கேட்பேன்? இந்த வீட்டில் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் சொல்லவேண்டிய ஒரே ஆள் அவர்தான்.

எழுத்துகள் நின்று ஒரு நீலத் திரை வந்தது. சுத்தமாக, துடைத்த தரை மாதிரி. சுட்டியை நகர்த்தினேன், நகர்ந்தது. எதையும் கம்ப்யூட்டரில் பதிக்காமல் பென் டிரைவிலிருந்தே ஓடுகிறது. அணைத்தால் ஒரு தடமும் மிஞ்சாது.

வைஃபை வரவில்லை. என் பழைய கார்டை அதற்கு அடையாளம் தெரியவில்லை. அதற்கான நிரலைத் தனியாக இறக்க வேண்டும்.

அதில் ஒரு பக்கம் திறந்து ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்குள் மின்சாரம் போய்விட்டது. மீண்டும் வந்தபோது அந்த வரி எங்கும் இல்லை. நல்லவேளை.

இதை மறுபடி விண்டோஸில்தான் எழுதுகிறேன்.

ஜூன் 18, புதன்

ஜெசிந்தா அக்காவின் பார்லர் வைஃபை சமையலறை ஜன்னலோரம் கொஞ்சம் கிடைக்கிறது. பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதாமல் காதில் சொன்னார். அந்த நிரலையும் பென் டிரைவில் போட்டுத் தந்தார். முன்பு வேலையில் நாள் முழுக்க இதைத்தான் செய்துகொண்டிருந்தேன், யார் யாரோ வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, தொலைபேசியில். கை மறக்கவில்லை.

புது மெயில் முகவரி ஒன்று திறந்து லோகநாயகிக்கு எழுதினேன். கோயம்புத்தூரில் என்னோடு ஒரே குழுவில் இருந்தவள். இப்போது வேறு கம்பெனியில் மேலாளர். உடனே பேசலாம் வா என்றாள். புகைபோக்கி ஃபேனைப் போட்டுவிட்டுப் பேசினேன். ஹால் கேமராவுக்குக் காதும் உண்டு.

"ஏன் சங்கவி இப்படிக் குசுகுசுன்னு பேசறே?"

"பாப்பா தூங்கறா." மகிழ் பள்ளியில் இருந்தாள். "லோகா, ஏதாவது வேலை இருந்தா சொல்றியா? ரெண்டு வருஷமா எத்தனையோ இடத்துக்குப் போட்டேன். ஒருத்தரும் கூப்பிடல."

லோகா குரலைத் தாழ்த்தினாள்.

"நெசமாத்தான் கேக்கறயா? நாங்களே மூணு தடவை கூப்பிட்டமே. நீதான வேண்டாம்னு மெயில் போட்டே."

"நானா?"

"'குழந்தையை விட்டுட்டு வர மனசில்லை, இனிமேல் தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு. தமிழ்லயே எழுதியிருந்தே. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கூப்பிடறது?"

அந்த மெயிலை நான் எழுதவில்லை.

ஒவ்வொரு முறையும் பதில் வராதபோது அவர் என் தலையைத் தடவி, "இத்தனை வருஷம் இடைவெளி விழுந்துட்டா யாரும் எடுக்க மாட்டாங்கம்மா. விடு. நான் இருக்கேன்ல," என்பார். அவர் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறேன். அவரும் என்னை அழவிட்டுத் தட்டிக்கொடுத்திருக்கிறார்.

ஏதோ தவறு நடந்திருக்கும். வேறு யாராவது செய்திருப்பார்கள்.

ஜூன் 19, வியாழன்

இனிப் பென் டிரைவில் ஓட்டினால் போதாது. லேப்டாப்பிலேயே பதித்துவிட முடிவு செய்தேன். முழு டிஸ்கையும் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டுச்சொல்லை மறந்தால் உள்ளே இருப்பது எனக்கும் கிடைக்காது என்று எச்சரித்தது. டிஸ்கில் உள்ள அனைத்தையும் அழிக்கட்டுமா என்று கேட்டது. இந்தக் குறிப்புகளைப் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு, சரி என்றேன்.

எவ்வளவு பதிந்தது என்று காட்டும் கோடு பாதி நிறைந்திருக்கும். பைக் சத்தம் கேட்டது. அவருடைய பைக்.

லேப்டாப்பை அப்படியே மேடைக்குக் கீழே அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். ஒயர் மட்டும் வெளியே தெரிந்தது. பிளக்கைப் பிடுங்க முடியாது, பேட்டரி கிடையாது, நடுவில் நின்றால் எல்லாம் போய்விடும். பிளக்கை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"ஐடி கார்டை விட்டுட்டுப் போயிட்டேன்," என்று சமையலறைக்கே வந்தார். தண்ணீர் குடித்தார். "என்ன சத்தம் அது?"

லேப்டாப்பின் விசிறி அலமாரிக்குள் உறுமிக்கொண்டிருந்தது.

"ப்ரிட்ஜுங்க. ரெண்டு நாளா இப்படித்தான்."

தலையைச் சாய்த்துக் கேட்டார். "தலை வலிக்குது. ஒரு மாம்பழ ஜூஸ் போடேன்."

மிக்ஸிக்கு அந்தப் பிளக்தான்.

"பழம் ஒண்ணுதான் இருக்கு, மகிழுக்கு. மோர் கரைச்சுத் தரேங்க. தலைவலிக்கு மோர்தான் நல்லது."

மத்தை எடுத்தேன். மணிக்கட்டு இன்னும் வலித்தது. நகராமல், இடுப்பைப் பிளக்கில் சாய்த்தபடியே கடைந்தேன். அவர் மேடையில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முழங்கால் அலமாரிக் கதவைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ரொம்ப வேர்க்குதே உனக்கு."

"அடுப்புகிட்ட நின்னா வேர்க்காதா?"

கைக்குட்டையை எடுத்து என் நெற்றியைத் துடைத்தார். மெதுவாக, குழந்தைக்குத் துடைப்பது போல. மோரைக் குடித்தார். போனார்.

பைக் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்றேன். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அலமாரியைத் திறந்தபோது அனல் அடித்தது. திரையில், பதிவு முடிந்தது, மறுபடி தொடங்குக என்று இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

பூட்டுச்சொல் கேட்கிறது. சொன்னால்தான் திறக்கிறது. அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

பழைய குறிப்புகளைக் கொண்டுவந்து படித்தேன். யாரோ பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கும்போது எழுதியது போல இருக்கிறது எல்லாம்.

குக்கர் தூக்கும்போது கை பிசகவில்லை. அம்மாவுக்கு அனுப்பிய செய்தி ஒன்றை அழித்திருந்தேன். என்ன அழித்தாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கத்தவில்லை. டிவியில் மகிழின் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை நான் ஒன்றுமில்லை என்றபோதும் இன்னும் கொஞ்சம் திருகினார். நான் சொன்னதும் விட்டுவிட்டு, அவரே போய்த் தைலம் எடுத்து வந்தார்.

மின்சாரம் போனபோது தொலைந்த அந்த வரி: எனக்கு அவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

இரவுச் சாப்பாட்டின்போது மகிழ், "அப்பா, அம்மா கிச்சன்ல டிவி பாக்கறாங்க," என்றாள்.

சனிக்கிழமை அவர் கடைக்குப் போயிருந்தபோது பார்த்திருக்கிறாள். அவள் மேல் கோபம் வரவில்லை. அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று நாங்கள்தானே பழக்கினோம்.

"அப்படியா? என்ன டிவி?" என்றார் சிரித்துக்கொண்டே.

"போன்ல சமையல் வீடியோங்க," என்றேன்.

அவர் தன் போனை எடுத்து ஏதோ பார்த்தார். என் போனில் அப்படி எதுவும் ஓடவில்லை என்பது அதில் தெரிந்திருக்கும். போனைக் கவிழ்த்து வைத்தார். இன்னொரு சப்பாத்தி கேட்டார்.

படுக்கப் போகும்முன், "நீ இப்பல்லாம் ஹால்லயே இருக்கறதில்லையே. கிச்சன்லயும் ஒரு கேமரா போட்டுடலாம். கேஸ் லீக் ஆனா தெரியணும்ல," என்றார்.

ஜூன் 25, புதன்

லோகா ஏற்பாடு செய்த நேர்காணல். பள்ளிகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் இலவச சிஸ்டம் போட்டுக் கொடுத்து, கோளாறு வந்தால் தொலைபேசியில் வழிகாட்டும் வேலை. அக்காவின் இயர்போன், புகைபோக்கி ஃபேன், அடுப்பில் கொதிக்கும் ரசம். கேட்டவர் மரியாதையான மனிதர்.

"இந்த இடைவெளியில என்ன பண்ணிட்டிருந்தீங்க மேடம்?"

என்ன சொல்வது? "வீட்ல ஒரு பழைய லேப்டாப்ல உங்க சிஸ்டத்தைப் போட்டிருக்கேன் சார். அதுலதான் இப்ப பேசறேன்."

"வைஃபை கார்டு தகராறு பண்ணியிருக்குமே?"

"பண்ணுச்சு சார்." எப்படிச் சரிசெய்தேன் என்று சொன்னேன். அதன்பின் அவர் இடைவெளியைப் பற்றிக் கேட்கவில்லை.

பேசும்போது ஒரு முறை வாசலில் ஏதோ சத்தம். பேச்சை நிறுத்திவிட்டேன். கீரைக்காரி.

ஜூன் 26, வியாழன்

வேலை கிடைத்துவிட்டது. கோயம்புத்தூரில் வீடு கிடைக்கும்வரை தன்னோடு இருக்கலாம் என்று லோகா சொன்னாள்.

நேற்று மாலையே கேமரா வந்துவிட்டது. சின்ன வெள்ளைப் பெட்டி, சாப்பாட்டு மேசை மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாட்டுவாராம். மாட்டும் இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால் அலமாரி, பிளக், ஜன்னல் எல்லாம் தெரியும்.

அம்மாவுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். தர்மபுரியிலிருந்து அம்மா தினமும் பேசுவது அவரிடம்தான். "மாப்பிள்ளை மாதிரி யாருக்குடி கிடைக்கும்" என்பாள். சொல்லவில்லை.

மாடிக்குப் போனேன். ஜெசிந்தா அக்கா கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார வைத்தார்.

"நாளைக்கே போயிடு. சனி, ஞாயிறு அவர் வீட்ல இருப்பார்."

"உங்களைக் கேப்பாருக்கா."

"கேக்கட்டும். புருவம் எடுக்க வருவா, போவா. எனக்கென்ன தெரியும்?" என் கையைப் பிடித்தார். வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்தார். "போனை எடுத்துட்டுப் போகாத. அதுதான் முதல்ல காட்டிக்குடுக்கும்."

ஜூன் 27, வெள்ளி

இதை அணைத்ததும் காய்கறிப் பையில் லேப்டாப், மேலே கொத்தமல்லி. மகிழின் பள்ளிப் பையில் அவளுக்கு இரண்டு உடை. போன் சார்ஜில். கேமரா முன் வழக்கம்போல் செருப்பு மாட்டப் போகிறேன்.

மகிழ் வாசலில் கூப்பிடுகிறாள். அணைக்கிறேன்.

ஜூன் 28, சனி

கோயம்புத்தூர். லோகா வீடு.

பேருந்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சேலத்தில் அவருடையது போலவே சிவப்பு ஹெல்மெட் போட்ட ஒருவர் பேருந்தின் பக்கத்திலேயே பைக்கை நிறுத்தினார். மகிழின் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "வலிக்குதும்மா," என்றாள். அந்த ஆள் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஒரு கிழவர்.

மகிழ் இரண்டு முறை அப்பா எங்கே என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே மாட்டைக் காட்டினேன். அவளுக்கு அவர் நல்ல அப்பா. அது இன்னும் பயமாக இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

ஜெசிந்தா அக்கா லோகாவின் போனுக்குக் கூப்பிட்டார். மனைவியையும் குழந்தையையும் காணவில்லை என்று அவர் புகார் கொடுத்திருக்கிறார். பார்லருக்கு வந்து ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்தாராம். அழுதாராம்.

"எனக்கே பாவமா போச்சு சங்கவி. அப்புறம் கிளம்பறப்போ, வாசல்ல நின்னு, 'உங்க வைஃபைக்கு என்ன பாஸ்வேர்டு சிஸ்டர்'னு கேட்டார்."

லோகா உடனே என்னை இங்குள்ள மகளிர் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். நான் காணாமல் போகவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்கும் தெரிவித்து, புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் போக வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

நாளை.

ஜூலை 2, புதன்

வெளுத்த சட்டை, தேய்த்த பேன்ட். எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். கால் அங்கேயே நின்றுவிட்டது. லோகா முதுகில் கை வைத்திருக்காவிட்டால் திரும்பி ஓடியிருப்பேன். அல்லது அவரிடமே போயிருப்பேன். எது என்று இப்போதும் தெரியவில்லை.

எஸ்.ஐ. அம்மா எதிரெதிரே உட்கார வைத்தார்.

"மேடம்," என்றார் அவர் மிக மெதுவாக, "பிரசவத்துக்கு அப்புறம் இவளுக்கு மனசு கொஞ்சம் சரியில்ல. மாத்திரையிலதான் இருக்கா. யாரோ கண்காணிக்கறாங்கன்னு தோணிட்டே இருக்கும். நான்தான் கூட இருந்து பாத்துக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "சங்கவி, மாத்திரை சாப்பிட்டியாம்மா?" என்றார்.

எஸ்.ஐ.யின் முகம் மாறியது. என்னை இரக்கத்தோடு பார்த்தார். திருமாறன் சொல்வதை ஒரு நொடி நானே நம்பினேன். ஏதோ மாத்திரையை மறந்துவிட்டேனோ என்று தேடினேன்.

"நீ சொல்லும்மா," என்றார் எஸ்.ஐ.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "மாத்திரை எதுவும் இல்லை மேடம்." குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "எந்த டாக்டர்னு அவரைக் கேளுங்க."

"எந்த டாக்டர் சார்? சீட்டு இருக்கா?"

அவர் வாய் திறந்தது. எனக்காக எத்தனையோ பதில் எழுதியவர். இதற்கு ஒன்றும் வரவில்லை.

"வீட்ல இருக்கு," என்றார் கடைசியில்.

"கொண்டு வாங்க. இப்ப கொஞ்சம் வெளிய இருங்க."

போனார். எஸ்.ஐ. தாளை நகர்த்தி வைத்துக்கொண்டு முதலிலிருந்து கேட்டார். மணிக்கட்டைக் காட்டினேன். லோகாவுக்கு வந்த மெயிலைச் சொன்னேன். எதையும் பாதியில் நிறுத்தாமல் எழுதிக்கொண்டார். மகிழைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு, அது கோர்ட்டில் வரும், தயாராக இரு என்றார். தலையாட்டினேன்.

"போன் நம்பர்?"

லோகா வாங்கிக் கொடுத்த புது சிம். எனக்கே இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. போனைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த அட்டையில் எழுதியிருந்த எண்ணை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் பார்த்தேன், ஜன்னலுக்கு வெளியே அவர் நின்றிருந்தார். முகத்தை எங்கோ திருப்பியிருந்தார். தலை மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது.

படிப்பதை நிறுத்திவிட்டேன்.

எஸ்.ஐ. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலை. பேனாவை வைத்தார். எழுந்து போய் ஜன்னலின் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ம். சொல்லு."

மீதி எண்களைச் சொன்னேன்.